வினாவும் அவர்களே, விடையும் அவர்களே!

மாமல்லபுரத்துப் பாறைச் சிற்பத்தைக் கண்டு வந்தோர் அனைவரும் அந்தப் பூனையையும் கண்டிருப்பர். அருச்சுனன் தவமா பகீரதன் தவமா என்று புலவர் இன்னமும் வழக்காடும் அந்த ஏழாம் நூற்றாண்டுக் கல்லோவியத்தில், யானைகளின் அருகே, முன்னங்கால்களைத் தலைக்குமேல் தூக்கி நின்று தவம் புரிகிறது ஒரு பூனை. அதன் காலடியில் எலிகள். இனி நமக்கு அச்சமில்லை என்று நம்பிவிட்ட எலிகள்! பள்ளிப் பிள்ளைகள் சுற்றுலா வந்தால், முனிவரையும் வானோரையும் விட்டுவிட்டு அந்தப் பூனையைக் கண்டுதான் கைகொட்டிச் சிரிக்கின்றனர். பல்லவச் சிற்பி நம் கட்சிக்காரன் அல்லன். ஆயினும் போலிப் பக்தியைக் கண்டு பிள்ளைகள் சிரிப்பதற்கென்று ஒரு மூலையை ஒதுக்கி வைத்திருக்கிறான்.

கோயில் பூனைகளைப் பற்றி நம் ஏடுகள் எழுதிக் குவித்தவை ஏராளம். மாதா கோயிலின் வாயிலில் மட்டும் நம் பேனா பெரும்பாலும் ஒதுங்கியே நடந்திருக்கிறது. காரணம் இல்லாமல் இல்லை. சேரிப் பிள்ளையின் கையில் முதன்முதல் பலகையும் பலப்பமும் கொடுத்தவர்கள் அவர்கள். நம் கையிலிருந்து தடியைப் பிடுங்கிக் கொண்டுபோய்ச் சிறுபான்மையினர் தலையில் அடிக்கப் பெரும்பான்மை மதவெறியர் காத்துக் கிடக்கிறார்கள் என்ற தயக்கமும் உண்டு. நியாயமான தயக்கம்தான். ஆனால், தயக்கம் நீண்டு மௌனமாகிவிட்டால் அது குற்றம். எனவே எழுதுகிறேன். எழுதுமுன் ஒன்று: நான் சொல்லப்போகும் பெண்மணி பூனை அல்லர். அவரும் எலிகளில் ஒருவரே.

சென்ற கோடையில், அந்தக் கடற்கரையின் குப்பம் ஒன்றில், நண்பர் ஒருவர் மகளின் புதுநன்மை விழாவை முன்னிட்டு இரண்டு நாள் தங்க நேர்ந்தது. ஊர்ப்பெயர் வேண்டாம். சிற்றாலயத்தின் பக்கத்துக் கொட்டகையில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வகுப்பு. கற்பித்தவர் இருபத்திரண்டு வயது மதிக்கத்தக்க ஓர் இளநங்கை, ஊதியம் இல்லை, வாரம் ஆறு நாள் துணிக்கடையில் நின்றுவிட்டு ஏழாம் நாளை இந்தப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார். கையில் வினாவிடைப் புத்தகம். கடவுள் எங்கே இருக்கிறார், கடவுளுக்கு எல்லாம் தெரியுமா, கடவுளால் ஆகாதது உண்டா என்று அவர் கேட்கக் கேட்க, இருபது குரல்கள் ஒரே குரலாய் விடை கூறின. அலை மோதுவது போல ஓர் ஒழுங்கு. கேட்க இனிமையாகக்கூட இருந்தது.

அப்போது எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி எழுந்தாள். அவள் வீட்டுச் சுவரில் மாலையிட்ட படம் ஒன்று தொங்குகிறது. அவள் பிறப்பதற்குப் பல ஆண்டு முன்னரே, 2004 திசம்பர் 26-இல் கடல் கொண்டுபோன பாட்டியின் படம். "அக்கா, அன்னிக்கு ஞாயித்துக்கிழமதானே? ஆயா கோயிலுக்குப் போயிட்டு வந்துதான் மீன் கூடைய எடுத்துச்சாம். கடல் வரப்போவுதுன்னு சாமிக்குத் தெரியும்தானே? அப்புறம் ஏன் ஆயாகிட்ட சொல்லல?" என்றாள்.

கொட்டகை அமைதியாயிற்று. அந்த நங்கையின் முகத்தில் ஒரு கணம் எதுவோ ஓடி மறைந்தது. பிறகு, அப்படியெல்லாம் கேட்கக்கூடாது, சாமி நம்மைச் சோதிக்கிறார், உட்கார், அடுத்த கேள்வி என்றார். சிறுமி உட்கார்ந்தாள். அலை மீண்டும் மோதத் தொடங்கிற்று.

தோழர்களே, அந்தச் சிறுமி கேட்ட வினா இலேசான வினா அன்று. 1755-இல் லிஸ்பன் நகரத்தை நிலநடுக்கமும் கடற்பேரலையும் விழுங்கியபோது, ஐரோப்பிய அறிஞர் உலகமே அதே வினாவைத்தான் கேட்டுக் கலங்கிற்று. அன்று புனிதர் அனைவரின் திருநாள். மக்கள் ஆலயங்களில் கூடியிருந்த வேளை. வால்டேர் பாட்டெழுதினார், கதை எழுதினார். எல்லாம் நன்மைக்கே என்று பேசிய தத்துவத்தின் பல்லைப் பிடுங்கினார். அந்த வால்டேர் பெயரைக் கேட்டறியாத குப்பத்துச் சிறுமி, மாலையிட்ட ஒரு படத்தைப் பார்த்துப் பார்த்தே அதே வாயிலுக்கு வந்து நின்றாள். வந்தவளை, "உட்கார்" என்றோம்.

இதிலே வேடிக்கை என்ன தெரியுமா? 1910-இல் போப்பாண்டவர் பத்தாம் பயஸ், பிள்ளைகள் நற்கருணை பெறத்தக்க வயது ஏறத்தாழ ஏழு என்று வரையறுத்து ஆணை பிறப்பித்தார். அதுவரை பல நாடுகளில் பத்து, பன்னிரண்டு, பதினான்கு என்று தள்ளிப் போட்டிருந்தனர். ஏழை அவர் தேர்ந்ததற்கு என்ன காரணம்? அந்த வயதில்தான் பிள்ளை பகுத்தறியத் தொடங்குகிறதாம்! பகுத்தறிவு என்ற சொல்லை நாம் மட்டுமே சொந்தம் கொண்டாடுகிறோம் என்று எண்ணியிருப்போர்க்கு இச்செய்தியைக் காணிக்கையாக்குகிறேன். பகுத்தறியத் தொடங்கிவிட்டாள், ஆகவே பந்தியில் அமரலாம் என்கிறீர்கள். சரி, பகுத்தறிந்தாள், வாயை ஏன் அடைத்தீர்கள்?

இந்த வினாவிடை முறை நேற்று வந்ததன்று. தமிழெழுத்து அச்சேறிய வரலாற்றோடு பிறந்தது. 1578-இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' பதினாறே பக்கம். இந்திய மொழியொன்று தன் சொந்த எழுத்தில் இம்மண்ணில் அச்சுக் கண்டது அதில்தான். அதை ஆக்கித் தந்த அண்டிரிக் அடிகளார் அடுத்த ஆண்டே, 1579-இல், கொச்சியிலிருந்து 'கிரீசித்தியானி வணக்கம்' வெளியிட்டார். அது வினாவும் விடையுமாக அமைந்தது. போர்ச்சுகலில் மார்க்கோஸ் ஜார்ஜ் என்பார் சிறுவர்க்குக் கற்பிக்கவென்று எழுதியதன் தமிழாக்கம் அது. தமிழன் அச்சிலே கண்ட தொடக்க நூல்களுள் ஒன்று, சிறு பிள்ளைக்கு இன்ன வினாவுக்கு இன்ன விடை சொல் என்று விதித்த நூல்!

அதற்கும் முன்னே சென்றால் சவேரியார். 1542-இல் முத்துக்குளித்துறை வந்தவர் தமிழறியார். சிலரைத் துணைகொண்டு மந்திரங்களைத் தமிழாக்கி, அதை அவரே மனப்பாடம் செய்து, கையில் மணியை ஆட்டிக்கொண்டு தெருத்தெருவாய்ப் பிள்ளைகளைக் கூட்டினார். பொருளின் ஆழம் புரியாத மொழியில் ஆசிரியர் ஒப்பிக்க, மாணவர் திருப்பி ஒப்பித்தனர். பிள்ளைகள் வீட்டுக்குச் சென்று பெற்றோர்க்குக் கற்பிக்க வேண்டும். நோயுற்றோர் வீடுகளுக்குத் தமக்கு மாறாகச் சென்று செபிக்க வேண்டும். அம்மட்டோடு நின்றாரா? எங்கேனும் சிலை வணக்கம் நடப்பதாகச் செய்தி வந்தால், சிறுவர் படையைத் திரட்டிச் சென்று, அவர்கள் கையாலேயே சிலைகளை உடைக்கவும் மிதிக்கவும் உமிழவும் செய்ததை 1544-இல் கொச்சியிலிருந்து எழுதிய மடலில் அவரே மகிழ்ச்சியோடு எடுத்துரைக்கிறார். சிலை உடைந்தது கேட்டு நம் தோழர் சிலர் உள்ளூரப் புன்னகை புரியக்கூடும். வேண்டாம்! ஒரு சிலையை ஏன் உடைக்கிறோம் என்று விளங்காமல் உடைக்கும் கை, நாளை எதற்கு முன் குவிகிறோம் என்று விளங்காமலே குவியும். பெற்றோர்க்கு எதிராகப் பிள்ளையை ஏவிய கொள்கை எதுவாயினும், அது பிள்ளையை வளர்த்ததாகாது, பயன்படுத்திக்கொண்டதாகும்.

பழி முழுவதையும் பாதிரிமார் தலையில் ஏற்றுவதும் முறையன்று. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர், பெர்சிவல் பாதிரியாரோடு அமர்ந்து விவிலியத் தமிழாக்கத்துக்கு உதவியவர். அவர்கள் பள்ளியின் நுணுக்கமெல்லாம் அறிந்தவர். வெளியே வந்து என்ன செய்தார்? பாலபாடம் எழுதினார், சைவ வினாவிடை எழுதினார். கருவி அதே கருவி. கடவுள் மட்டும் வேறு. பிள்ளை மனத்தைப் பிடிக்க ஒரு நல்ல வலை இருக்கிறதென்று ஒருவன் காட்டிவிட்டால், அடுத்த படகுக்காரன் சும்மா இருப்பானா?

காலம் மாறிவிட்டது, திருச்சபையும் மாறிவிட்டது என்பர். உண்மை, மாறியிருக்கிறது. 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் பேரவைக்குப் பின் இலத்தீன் போய்த் தமிழ் வந்தது. 1973-இல், பிள்ளைகளோடு நிகழ்த்தும் திருப்பலிக்கென்றே வத்திக்கான் ஒரு நெறிநூல் வெளியிட்டது. படித்துப் பார்த்தால் கரிசனம் தெரிகிறது. நீண்ட வாசகங்களைக் குறைக்கலாம். பிள்ளைகள் பாடலாம், காணிக்கை ஏந்தி வரலாம். அவர்களுக்கு விளங்கும் சொற்களில் பேசவேண்டும். மறையுரையைச் சில வேளைகளில் பிள்ளைகளோடு உரையாடலாகவே அமைக்கலாம் என்றும் சொல்கிறது. அடடா, கதவு திறந்தது என்று நாம் எழுந்து நிற்குமுன், அதே தொடரிலேயே ஒரு தாழ்ப்பாள்: அவர்கள் அமைதியாய்க் கேட்பதே மேல் என்று கருதினால் ஒழிய! யார் கருதினால்? பிள்ளையா கருதும்?

சீர்திருத்தச் சபைகளில் வேறு வகை. ஓய்வுநாள் பள்ளி என்பதன் வேர் நல்ல வேர்; 1780-இல் இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில் ராபர்ட் ரெய்க்ஸ் அதைத் தொடங்கியபோது, வாரமெல்லாம் வேலைக்குப் போகும் ஏழைச் சிறுவர்க்கு ஞாயிறு ஒன்றே ஓய்வு; அந்த ஒரு நாளில் அவர்களுக்கு எழுத்தறிவு ஊட்டினார். இன்று நம் ஊர்களில் மே மாதம் வந்தால் விடுமுறை வேதாகமப் பள்ளி. வண்ணக் காகிதம், செய்கைப் பாட்டு, பொம்மலாட்டம், மாலையில் பிஸ்கட்டும் பழச்சாறும், மனன வசனம் ஒப்பித்தோர்க்குப் பரிசு. பிள்ளைகள் விரும்பிப் போகின்றனர். சாதி பாராமல் தெருப் பிள்ளைகளெல்லாம் போகின்றனர். இதைப் பழிக்க எனக்கு மனமில்லை. சேரிப் பிள்ளை ஒன்று மேடையேறி ஒலிபெருக்கி முன் பாட, கூட்டம் கைதட்டும் காட்சி வேறெங்கே கிடைக்கிறது? ஆனால் அங்கும் பரிசு மனனத்துக்கே. நல்ல வினா கேட்ட பிள்ளைக்குப் பரிசு தந்த ஒரு விழாவை நான் கண்டதில்லை.

அவர்களுடைய நூலே அவர்களுக்கு எதிராகச் சான்று பகர்கிறது என்பதுதான் விந்தை. பிள்ளைகளைத் தம்மிடம் வரவிடாமல் தடுத்த சீடர்களை ஏசு கடிந்துகொண்டார் என்ற கதையை எல்லாச் சபையிலும் படம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். நீலக்கண் ஏசு, மடியிலே வெள்ளைக்காரக் குழந்தை! ஆனால் ஏசுவே பிள்ளையாய் இருந்தபோது என்ன செய்தார்? பிறப்புக்கும் முதிர்ச்சிக்கும் இடைப்பட்ட காலத்தைப் பற்றி நான்கு நற்செய்தி நூல்களிலும் நிகழ்ச்சியாய் விவரித்திருப்பது ஒன்றே ஒன்று. பன்னிரண்டு வயதில் எருசலேம் கோயிலில் பெற்றோரை விட்டுப் பிரிந்து, மறைவல்லுநர் நடுவே அமர்ந்து, அவர்கள் கூறுவதைக் கேட்டும் அவர்களை வினவியும் இருந்ததாக லூக்கா எழுதுகிறார். வினவியும்! அச்சடித்த வினாவை அல்ல, தன் வினாவை. அந்த வல்லுநர்கள், உட்கார் தம்பி, அப்படியெல்லாம் கேட்கக்கூடாது என்று சொன்னதாக எழுதவில்லை. வியந்தார்கள் என்றே எழுதியிருக்கிறது. மடியில் அமர்ந்த குழந்தைக்குப் படம் மாட்டியவர்கள், எழுந்து வினவிய சிறுவனுக்கு ஏன் படம் மாட்டவில்லை?

செங்கற்பட்டுக்கு வருவோம். இந்தப் பேச்சைப் பேச அதைவிடப் பொருத்தமான மண் இல்லை. 1929 பிப்ரவரி 17, 18 நாட்களில் முதல் சுயமரியாதை மாநில மாநாடு கூடியது அங்கேதான். சௌந்தரபாண்டியனார் தலைமையில், பெயரின் பின்னே தொங்கிய சாதி வாலை அறுத்தெறிய முடிவு செய்தது அங்கேதான். அதற்கு ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டு முன்னரே அம்மண்ணில் இன்னொரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஜான் ஆண்டர்சன் 1837-இல் சென்னையில் ஒரு பள்ளி தொடங்கினார். பின்னாளில் கிறித்தவக் கல்லூரியாய் வளர்ந்தது அது. செங்கற்பட்டிலும் காஞ்சியிலும் கிளைப்பள்ளிகள் எழுந்தன. சென்னைப் பள்ளியில் ஒடுக்கப்பட்ட சிறுவர் சிலரைச் சேர்த்ததும், மேல்சாதி வீடுகளில் கொந்தளிப்பு. அவர்களை வெளியேற்று, இல்லையேல் தனிப் பலகையில் அமர்த்து என்று முழங்கினர். ஆண்டர்சன் இரண்டுக்கும் உடன்படவில்லை. மாணவர் குறைந்தாலும் குறையட்டும் என்றார். 1841-இல் மாணவர் இருவர் மதம் மாறியபோது பள்ளியே ஏறக்குறைய வெறிச்சோடியது.

அந்தப் பலகையை மறக்கவொண்ணாது. தனிப் பலகை போடமாட்டேன் என்ற அந்த ஒரு சொல், நூறு வினாவிடைப் புத்தகம் சொல்லித் தராததைச் சிறுவனுக்குச் சொல்லித் தந்தது. 1891-இல் செங்கற்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் அம்மாவட்டப் பறையர் நிலை குறித்து எழுதிய அறிக்கையும், அதன் பின்னே 1892-இல் பிறந்த பஞ்சமி நில ஆணையும் நம் தோழர்கள் அறிந்தவை. அக்காலத்தில், நிலமற்ற அம்மக்களுக்காக அரசோடு வழக்காடிய குரல்களில் செங்கற்பட்டு ஸ்காட்டிஷ் மிஷனின் ஆடம் ஆண்ட்ரூ குரலும் ஒன்று. சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் மெல்ரோசாபுரம் என்று ஸ்காட்லாந்து ஊரொன்றின் பெயரைச் சூடிக்கொண்டு நிற்கிறதே ஒரு சிற்றூர், அது அந்த மிஷன் அமைத்த குடியேற்றம். உழைக்க நிலம், குடியிருக்க மனை, பிள்ளைக்குப் பள்ளி. இதை வெறும் ஆள்பிடிக்கும் தந்திரம் என்று தள்ளிவிடுவோர், மாற்றுத் தந்திரமாவது ஏதேனும் தம் மடத்திலிருந்து காட்டியிருக்க வேண்டும்.

ஆனால் பலகை வேறு, ஆலயம் வேறு என்று ஆகிவிட்டதே, அதுதான் கொடுமை. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில், ஒரே பலிபீடத்தை நோக்கி இரு சாதியார் தனித்தனியே அமர இரு கூடங்களும் நடுவே தடுப்பும் வைத்துக் கத்தோலிக்க ஆலயம் எழுந்தது. 1910-இல் பாதிரியார் தடுப்பை இடித்தபோது, மேல்சாதிக் கிறித்தவர் வழக்கு மன்றம் ஏறினர். சென்னை உயர்நீதிமன்றம் அவர்கள் உரிமைக் கோரிக்கையைத் தள்ளியது. தொலைந்தது என்று எண்ணினோமா? 2008 மார்ச்சில் விழுப்புரம் மாவட்டம் இறையூரில், ஆலயத்தில் சம இடம் கேட்ட தலித் கத்தோலிக்கர்க்கும் சாதிக் கத்தோலிக்கர்க்கும் மூண்ட பூசலில் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்து உயிர்கள் போயின. அவ்வூர்ப் பிள்ளைகளும் ஞாயிறுதோறும் மறைக்கல்வி படித்திருப்பர். கடவுளுக்கு முன் அனைவரும் சமமா என்ற வினாவுக்கு, ஆம் என்று ஒரே குரலில் ஒப்பித்திருப்பர். பிறகு வெளியே வந்து தேர் எந்தத் தெரு வரை வரும், பிணம் எந்த வழியில் போகும் என்று கண்ணால் கண்டிருப்பர். எந்தப் பாடம் மனத்தில் நின்றிருக்கும்?

பிள்ளைகளை வரவேற்கிறோம் என்று முழங்கும் சபையிடம் நான் கேட்கவேண்டிய பெரிய கணக்கு இன்னும் ஒன்றிருக்கிறது. திருமுழுக்குப் பதிவேட்டின் கணக்கு.

1950 ஆகஸ்டில் பிறந்த குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாத எவரும் பட்டியல் சாதியினர் ஆகார் என்றது. 1956-இல் சீக்கியர்க்கும், 1990-இல் பௌத்தர்க்கும் கதவு திறந்தது. கிறித்தவர்க்குத் திறக்கவில்லை. தமிழ்நாட்டில், ஆதிதிராவிடர் வீட்டுப் பிள்ளை கிறித்தவப் பிள்ளை என்று ஏட்டில் ஏறினால், பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போகிறது. சேரி மாறவில்லை, தெரு மாறவில்லை, டீக்கடைக்காரன் பார்வை மாறவில்லை, பட்டியல் மட்டும் மாறுகிறது! இந்த அநீதியைக் களையுமாறு 2023 ஏப்ரல் 19-இல் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றி ஒன்றிய அரசைக் கேட்டுக்கொண்டது. குற்றவாளி அந்த ஆணைதான், அதில் ஐயமில்லை.

ஆனால் அந்த ஆணையின் நிழலில் பிள்ளை என்ன கற்கிறது என்று பாருங்கள். வீட்டுக்கு வீடு இரண்டு பெயர். கோயிலில் மரிய செல்வி. பள்ளிச் சான்றிதழில் செல்வி. பாதிரியார் கேட்டால் ஒரு விடை, வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டால் ஒரு விடை. பொய்ச்சான்று சொல்லாதே என்பது பத்துக் கட்டளையில் ஒன்று. ஞாயிறு காலை அதை ஒப்பித்துவிட்டு வரும் பிள்ளையிடம், திங்கட்கிழமை பள்ளியில் யாராவது கேட்டால் நாம் கோயிலுக்குப் போவதைச் சொல்லாதே என்று தாய் சொல்லியனுப்புகிறாள். அந்தத் தாயைக் குறை சொல்லும் துணிவு எனக்கில்லை. மகளின் கல்லூரி இடத்தையும் உதவித் தொகையையும் காக்க அவள் படும் பாடு அது.

2024 நவம்பர் 26-இல் உச்சநீதிமன்றம் வழங்கிய தீர்ப்பொன்று இதன் கூர்முனை. புதுவைப் பெண் ஒருவர், தாம் இந்து என்று கூறிப் பட்டியல் சாதிச் சான்று கேட்டார், மறுக்கப்பட்டது. அவர் ஆலயத்துக்குத் தவறாமல் செல்கிறார் என்பது உட்படப் பல சான்றுகளை மன்றம் எடுத்துக்கொண்டது. அவற்றுள் ஒன்று, பிறந்து மூன்று திங்கள்கூட ஆகாத நிலையில் அவர் பெற்ற திருமுழுக்கின் பதிவு. தீர்ப்பு சரியா பிழையா என்று வழக்கறிஞர் வாதாடட்டும். நான் அந்தப் பதிவேட்டின் பக்கத்தைப் பார்க்கிறேன். பால் குடிக்கும் குழந்தையின் நெற்றியில் ஊற்றிய நீர் அன்றே உலர்ந்துவிட்டது. மை மட்டும் முப்பத்துமூன்று ஆண்டு உலராமல் இருந்து அரசு வேலையின் வாயிலில் வந்து நின்றது. ஞானத்தாயும் ஞானத்தகப்பனும் குழந்தைக்காக விடை சொன்னார்கள். அவர்கள் சொன்ன விடைக்கு அவள் ஈடு கட்டினாள். வினாவும் அவர்களே, விடையும் அவர்களே. விலை மட்டும் குழந்தையுடையது!

திருமுழுக்குக்குக் குழந்தையை ஏந்திவரும் சேரித் தாயிடம், அம்மா, இந்தப் பதிவால் நாளை இன்னது நேரும் என்று எடுத்துச் சொல்லும் பங்கு எத்தனை? பிள்ளை வளர்ந்து, நன்கு எண்ணிப் பார்த்து, வேண்டுமென்றால் தானே கேட்டு வாங்கட்டும் என்று சொல்லும் சபைகளும் கிறித்தவத்திலேயே உண்டு. பாப்டிஸ்ட் சபையார் நானூறு ஆண்டாகக் குழந்தைக்கு நீராட்டு இல்லை என்றே வாழ்கின்றனர். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளை யாரும் வரவேற்பற்ற பிள்ளைகள் என்று சொல்வதில்லை. ஆகவே இது கடவுள் மறுப்போன் மட்டும் கேட்கும் வினா அன்று.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தாலும் அதே ஓட்டை. அரசியலமைப்பின் 28-ஆம் பிரிவு, அரசு ஏற்பு பெற்ற அல்லது அரசு உதவி பெறும் கல்விக்கூடத்தில் எவரையும் அவர் இசைவின்றிச் சமயப் போதனைக்கோ வழிபாட்டுக்கோ உட்படுத்தலாகாது என்கிறது. நல்லது. ஆனால் அவர் சிறுவர் என்றால்? காப்பாளர் இசைவு போதும். பிள்ளையின் வாய்க்கு அங்கே வேலையில்லை. 1989-இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற குழந்தை உரிமை உடன்படிக்கை ஓரடி முன்னே போயிற்று; 1992-இல் இந்தியாவும் அதில் சேர்ந்தது. அதன் 14-ஆம் பிரிவு, சிந்தனை, மனச்சான்று, சமயம் ஆகியவற்றின் உரிமை குழந்தைக்கே உரியது என்கிறது. பெற்றோர் வழிகாட்டலாம், ஆனால் பிள்ளையின் வளர்ந்துவரும் திறனுக்கு ஏற்ப. வளரும் திறனுக்கு ஏற்ப என்றால், எட்டு வயதில் கேட்டதற்கு எட்டு வயதுக்கு ஏற்ற நேர்மையான விடையாவது தரவேண்டும் என்றுதானே பொருள்?

இப்போது கண்ணாடியை நம் பக்கம் திருப்புகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். நம் இயக்கத்து இல்லங்கள் சிலவற்றில், விருந்தினர் வந்ததும் நான்கு வயதுப் பையனை முன்னே நிறுத்தி, கடவுள் உண்டா என்று கேட்கிறோம். இல்லை என்கிறான் மழலையில். அனைவரும் மகிழ்ந்து கைதட்டுகிறோம். கையில் மிட்டாய் கொடுக்கிறோம். இதற்கும் சின்னக் குறிப்பிடத்துக்கும் என்ன வேறுபாடு? விடை மாறியிருக்கிறது, வலை மாறவில்லை. 'பெரியார் பிஞ்சு' போன்ற ஏடும் சிறுவர்க்கான பழகு முகாமும் நம்மிடம் இருக்கின்றன. அங்கே பிள்ளைகள் தந்தை பெரியாரின் கருத்தொன்றைப் பிடித்துக்கொண்டு, இது எப்படிச் சரி என்று கேட்டால், முகம் சுளிக்காமல் அமர்ந்து வாதாடும் பெரியவர் எத்தனை பேரைக் காட்ட இயலும்? சில பேரை எனக்குத் தெரியும். இன்னும் சில பேரையும் தெரியும். அவர்களைப் பற்றி எழுதப் புகுந்தால் ஆசிரியர் இடம் தரமாட்டார்.

குப்பத்துக்குத் திரும்புகிறேன். அன்று மாலை, விழாவுக்குத் தோரணம் கட்டிக்கொண்டிருந்த இடத்தில் அந்த நங்கையைக் கண்டேன். வம்பு வளர்க்கும் நோக்கமின்றி, அந்தச் சிறுமியின் வினாவைப் பற்றிப் பேச்செடுத்தேன். சற்று நேரம் காகிதத்தை மடித்துக்கொண்டே இருந்தார். "எனக்கும் அதே கேள்விதாண்ணே. எங்க அத்தையும் அன்னிக்குத்தான் போனாங்க. எனக்குப் பாடம் சொல்லிக் குடுத்தவங்ககிட்ட நானும் கேட்டேன். அவங்க சொன்னதத்தான் இவகிட்ட சொன்னேன். வேற என்ன சொல்றதுன்னு புத்தகத்துல இல்ல" என்றார்.

தெரியாது என்று சொல்லலாமே என்றேன். அப்படிச் சொன்னால் சாமியார் என்ன நினைப்பார் என்று அஞ்சினார். எனக்கும் தெரியாது பாப்பா, நானும் அதை நினைத்து அழுதிருக்கிறேன் என்று சொன்னால் அந்தச் சிறுமி ஆலயத்தை விட்டு ஓடிவிடுவாளா என்று கேட்டேன். ஓடமாட்டாள் என்றார், என்னிடம் இன்னும் ஒட்டிக்கொள்வாள் என்றார். பிறகு தோரணத்தின் மறுமுனையைப் பிடிக்கச் சொன்னார், பிடித்தேன்.

விழா சிறப்பாக நடந்தது. வெள்ளைப் பாவாடை உடுத்தி, தலையில் பூமுடி சூடி, கையில் மெழுகுத்திரி ஏந்தி, வரிசையில் மூன்றாவதாக வந்தாள் அந்தச் சிறுமி. வருவதற்கு முதல் நாள் மறைக்கல்வித் தேர்வு வைத்தார்கள். முப்பது வினா, முப்பதும் அச்சிட்டுத் தந்தவை. அவள் முப்பதுக்கும் விடை எழுதி முதற்பரிசு வாங்கினாள். பரிசு, மடியில் குழந்தையை வைத்திருக்கும் நீலக்கண் ஏசுவின் படம். வீட்டில் அதை எங்கே மாட்டுவது என்று பேச்சு வந்தபோது, ஆயா படத்துக்குப் பக்கத்தில் வேண்டாம் என்று அவள் சொன்னதாக நண்பர் பின்னர் தெரிவித்தார்.